மாத்தளைக் குகைகள் – 9: முன்னவர் துளைத்த துளை

ஒளிந்துகொள்வதற்காகக் குகைக்கு வந்தவர்களைச் சென்ற பகுதியில் பார்த்தோம். தம்புள்ளை மரபுக்கதை சொல்லும் வலகம்பா மன்னன் முதல், 1848 ஜூலையில் அதே தம்புள்ளை விகாரையில் முடிசூட்டிக்கொண்டு பின்னர் எல்கடுவைப் பக்கத்தில் ஒரு குகையில் அகப்பட்ட கொங்காலேகொட பண்டா வரை, அவர்கள் எல்லோருக்கும் இருந்த கவலை ஒன்றுதான்: தாம் இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடக் கூடாது. இந்தப் பகுதியில் வருகிறவர்கள் நேர் எதிரானவர்கள். உள்ளே போனதை ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதவர்கள். ஹைலண்டர் படையணி அதிகாரி, பொதுவேலைத் திணைக்களப் பொறியியலாளர், தென்னிந்தியக் கல்தச்சர், கொழும்பு ஓவியர், ரோமாபுரியிலிருந்து வந்த சுவரோவிய வல்லுநர் என்று பல நாட்டவர் இந்த மாவட்டத்தின் பாறைப் பொந்துகளுக்குள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்தார்கள். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்களுக்கிடையே ஓர் உறவு இருந்தது என்பதும், அந்த உறவுக்குக் கறாரான ஒரு விதி இருந்தது என்பதும் என் வாதம்.

பாடப்புத்தகம் இதைச் சொல்லும் முறை வேறு. சிகிரியாவைக் கண்டுபிடித்தவர் மேஜர் ஜொனதன் ஃபோர்ப்ஸ், ஆண்டு 1831 என்று ஒரு பெயரும் ஓர் ஆண்டும் கொடுத்து முடித்துவிடும். பரீட்சைக்கு அது போதும், வரலாற்றுக்குப் போதாது. 78ஆம் ஹைலண்டர் படையணியைச் சேர்ந்த ஃபோர்ப்ஸ் பொலன்னறுவைப் பக்கமிருந்து குதிரையில் திரும்பும் வழியில் அந்தப் பாறையைப் பார்த்தார். 1833இல் மறுபடியும் வந்தார். மாத்தளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த அவர், 1840இல் அச்சான தம் நூலில் அதைப் பற்றி எழுதினார். அந்நூலின் வரலாற்றுப் பகுதிக்கு அவர் சார்ந்திருந்தது மகாவம்சத்தை மொழிபெயர்த்த ஜோர்ஜ் டேர்ணரை. டேர்ணர் சார்ந்திருந்தது பிக்குகளின் ஏடுகளை. மகாவம்சத்துக்கான பழைய உரையின் ஏடு தெற்கே முல்கிரிகலை என்ற இன்னொரு குகை விகாரையிலிருந்து கிடைத்திராவிட்டால், 1837இல் டேர்ணர் வெளியிட்ட மொழிபெயர்ப்பு அந்த வடிவில் வந்திராது. திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்டது மாத்தளை நகரை ஒட்டிய அளுவிகாரைக் குகைகளில் என்பது மரபு. ஆக, குதிரையில் வந்த அதிகாரியின் கண்ணுக்கு முன்னால் ஓர் ஏடு இருந்தது, அந்த ஏட்டுக்குப் பின்னால் குகையில் உட்கார்ந்து எழுதிய ஒரு நீண்ட வரிசை இருந்தது.

டேர்ணரின் மொழிபெயர்ப்பு 38ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. தந்தையைக் கொன்று சிகிரியாவில் குடியேறிய காசியப்பனின் கதை 39ஆம் அத்தியாயத்தில் வருகிறது. யாத்ராமுல்லை பிக்குவிடம் பாளி கற்ற ரீஸ் டேவிட்ஸ் 1875இல் அந்த அத்தியாயத்தையும் பாறையையும் சேர்த்து வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மறு ஆண்டே பொதுவேலைத் திணைக்களத்தின் பிளேக்ஸ்லி இடிபாடுகளைப் பற்றித் தம் குறிப்பை வெளியிட்டார். இதற்கிடையில், 1853இல், அடம்ஸ், பெய்லி என்ற இரு சிவில் உத்தியோகத்தர்கள் உச்சிவரை ஏறியிருந்தார்கள். ஏறியதுதான் அவர்களுடைய சாதனை. பின்னால் வந்தவர்களுக்குப் பயன்படும்படி அவர்கள் விட்டுச் சென்றது சொற்பம் என்பதால், வரலாறும் அவர்களை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறது. நானும் அப்படியே செய்கிறேன்.

1889இல் பொதுவேலைத் திணைக்களப் பொறியியலாளர் அலிக் மரே செய்தது வேறு வகை. சிகிரியாவின் மேற்கு முகத்தில், நடைபாதைக்குச் சுமார் 40 அடி மேலே, பாறை உட்குழிந்த இரண்டு பொந்துகள் இருக்கின்றன. பெண் உருவங்கள் அங்கேதான் தீட்டப்பட்டுள்ளன. கீழிருந்தவர்கள் தொலைநோக்கியால் பார்த்தார்களே தவிர, நெருங்கியவர் எவருமில்லை. ஊரவர்கள் பாறையில் பேய் உண்டென்று அஞ்சிப் பின்வாங்கியதால், தென்னிந்தியத் தமிழ்க் கல்தச்சர்களை வரவழைக்க வேண்டியிருந்தது என்று மரேயின் விவரணை சொல்கிறது. செங்குத்தான பாறையில் துளையிடுவது எப்படி என்று கல்லுடைக்கும் வேலையை அறிந்தவர்களுக்குத் தெரியும். இரும்புக் கம்பியைக் கல்லில் ஊன்றிச் சம்மட்டியால் ஓர் அடி, கம்பியைக் கொஞ்சம் திருப்பி மறுபடி ஓர் அடி. குழியில் சேரும் கல்மாவை அவ்வப்போது வழித்தெடுக்காவிட்டால் கம்பி சிக்கிக்கொள்ளும். தரையில் நின்று செய்தாலே தோள் கழன்றுவிடும் வேலை அது. இவர்கள் அதை அந்தரத்தில், முந்திய துளையில் இறுக்கிய இரும்பின் பலத்தில் நின்றுகொண்டு, அடுத்த துளைக்குச் செய்தார்கள். இரும்புகள் சீமெந்தால் பொருத்தப்பட்டன. அவற்றைப் பிடித்து மேலே போன மரே, சரிந்த தரையில் மல்லாந்து படுத்தபடி, மெல்லிய தாளை ஓவியத்தின் மேல் வைத்து உருவங்களைப் பிரதி எடுத்தார். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டு பழைமையான அந்த வண்ணங்களை ஒரு சாண் தொலைவில் வைத்து உற்றுப் பார்த்த முதல் ஐரோப்பியர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு சாண் தொலைவுக்கு அவரைக் கொண்டுபோனது சம்மட்டி பிடித்த கை.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். ஒருவர் துரை, மற்றவர்கள் நாட்கூலிகள். மரேயின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது, கல்தச்சர் ஒருவரின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. இதைப் போய் நாடு கடந்த தோழமை என்று சொன்னால், ஏகாதிபத்தியத்துக்குச் சந்தனம் பூசுவதாகாதா? மாத்தளைத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே படும். அதே நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்து, வழியிலேயே பலரைச் சாகக் கொடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். என் பதில் இது: நான் சொல்லும் உறவு சமத்துவம் அல்ல. ஒருவரின் வேலை மற்றவரின் வேலை மீது நிற்கிறது என்ற பௌதிக உண்மையைத்தான் சொல்கிறேன். அந்த உண்மையை ஒப்புக்கொண்டால்தான் அநியாயத்தின் அளவும் தெரியவரும். மரேயைத் தனி வீரராக வைத்துக்கொண்டால் கல்தச்சர்களின் பெயர் விடுபட்டது ஒரு குறையாகவே தோன்றாது. அவர் நின்றது அவர்கள் அடித்த இரும்பின் மேல் என்று கணக்கிட்டால், பெயர் விடுபட்டது கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டது போல உறுத்தும்.

மரேக்குப் பின் எச். சி. பி. பெல். இலங்கையின் முதல் தொல்பொருள் ஆணையாளர், கண்டிப்பானவர், முன்னவர்களை எளிதில் நம்பாதவர். 1890களின் நடுவில் சிகிரியாவில் அவர் தொடங்கிய வேலையில் மண்ணும் காடும் மட்டுமல்ல, பாறையில் கூடு கட்டிய தேனீக்களும் எதிரிகளாக இருந்தன. இன்றும் சிகிரியாப் படிகளில் ஏறுகிறவர்கள் சத்தம் போடக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். பெல்லின் வரைஞராக இருந்த முகாந்திரம் டி. ஏ. எல். பெரேரா 1896இலும் 1897இலும் அந்தப் பொந்துகளில் இருந்த 22 உருவங்களை எண்ணெய் வண்ணத்தில் பிரதி செய்தார். மரே ஏற்கெனவே பிரதி எடுத்திருக்கையில் இது எதற்கு என்று கேட்கலாம். முன்னவர் விட்டுச் சென்றதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் மறுபடி போய்ச் சரிபார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். உருவத்தின் அழகை மட்டுமல்ல, கறையையும் வெடிப்பையும் சேர்த்து வரைந்தார் பெரேரா. அழகான ஓவியனாக இருப்பதைவிட நம்பத்தக்க சாட்சியாக இருப்பதை அவர் தேர்ந்துகொண்டார். சிங்கப் பாதங்கள் 1898இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டபோது பெல்லின் புகழ் பெரிதாயிற்று. என் கணக்கில் பெரேராவின் பிரதிகள் அதற்கு இளைத்தவை அல்ல.

இளைத்தவை அல்ல என்பது 1967 அக்டோபரில் தெரிந்தது. யாரோ இரவில் ஏறிப்போய் ஓவியங்களில் பச்சை வண்ணத்தை அள்ளிப் பூசினார்கள், சிலவற்றைச் சுரண்டினார்கள். அவற்றைச் சுத்தம் செய்ய ரோமிலிருந்து வந்தவர் லூசியானோ மரான்சி. அவரோடு வேலை செய்தவர் இரசாயனம் படித்த தொல்பொருள் ஆணையாளர் ராஜா டி சில்வா. பச்சை வண்ணத்தைக் கரைக்க வேண்டும், அதற்கடியில் இருக்கும் பழைய வண்ணம் கரையக் கூடாது. அந்தப் பழைய வண்ணமும் சுண்ணச் சாந்தும் எதனால் ஆனவை என்று தெரியாமல் ஒரு துளி கரைசலையும் வைக்க முடியாது. இத்தாலியரின் கைப்பழக்கமும் இலங்கையரின் ஆய்வும் ஒரே பொந்துக்குள், ஒரே அடி அகலத்தில் சந்தித்தன. சேதத்துக்கு முன் அந்த முகங்கள் எப்படி இருந்தன என்பதற்குச் சாட்சி வேண்டியிருந்தால், எழுபது ஆண்டுகளுக்கு முந்திய பெரேராவின் பிரதிகளையும் பிற்காலத்து ஒளிப்படங்களையும் தவிர வேறு எது இருந்தது? குகையோவியம் இப்படித்தான் பல நாட்டவரை ஒரே சுவருக்கு முன் நிறுத்திவிடுகிறது. புதுக்கோட்டைச் சித்தன்னவாசலின் சமணக் குகையோவியங்களை 1920ஐ ஒட்டி உலகறியச் செய்ததிலும் கோபிநாத ராவ் என்ற கல்வெட்டறிஞரும் புதுச்சேரியிலிருந்த ழுவோ-துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரரும் சேர்ந்தே வருகிறார்கள்.

இன்னொரு மறுப்பையும் இந்த இடத்திலேயே எடுத்துக்கொள்கிறேன். இவையெல்லாம் குகைகளே அல்ல என்று குகையாய்வை விளையாட்டாகவும் விஞ்ஞானமாகவும் கொண்டவர்கள் சொல்வார்கள். அவர்களுக்குக் குகை என்றால் சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்துக் குடைந்த இருண்ட சுரங்கம். கயிறும் விளக்கும் நில அளவையும் வேண்டும். மாத்தளையில் சுண்ணாம்புப் பாறைப் பட்டைகள் இருக்கின்றன, டொலமைட் வெட்டி எடுக்கிறார்கள். ஆனாலும் இங்கே பெயர்பெற்ற குகைகள் பெரும்பாலும் பழம்பாறையின் கூரைபோன்ற சரிவுகளே. சிகிரியா எரிமலைக் குழாயில் உறைந்த குழம்பு என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்வதும் பொருந்தாது. சுற்றியிருந்த பாறை அரிபட்டுப் போக எஞ்சி நின்ற மிகப் பழைய பாறை அது. பெயரைப் பற்றிய வழக்கை நான் விட்டுக்கொடுக்கத் தயார். ஆனால் இருளும் ஆழமும் உள்ள ஒன்று கேட்டால், அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது.

மாத்தளைக்கும் கண்டிக்கும் பொதுவான நக்கிள்ஸ் மலைத்தொடரில் வெடியுப்புக் குகை ஒன்று உண்டு. சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பு விளக்கால் புகழ்பெற்ற ஹம்ஃப்ரி டேவியின் தம்பி, படை மருத்துவரான ஜோன் டேவி, 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தார். தும்பறைக் காட்டில் மீமுரைக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் குகைக்குப் போய் அவர் கண்டது ஓர் ஓடும் தொழிற்சாலை. கிராமத்தவர்கள் சிறிய இரும்புக் கொத்துகளால் பாறையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துப் பொடியாக்குவார்கள். வௌவால் எச்சத்தை அதனோடு கலப்பார்கள். நீர் ஊற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சினால் வெடியுப்பு படிகமாக இறங்கும். கண்டி அரசின் வெடிமருந்துக்கு அதுவே மூலப்பொருள். டேவி பாறைத் துண்டுகளை எடுத்துப் பகுத்துப் பார்த்தார், 1821இல் தம் நூலில் எல்லாவற்றையும் எழுதினார். பாறையின் பொட்டாசும் சுண்ணமும் காற்றும் ஈரமுமே வெடியுப்பு உண்டாகப் போதும், உயிர்ப்பொருள் இருந்தால் உதவும், இன்றியமையாததல்ல என்பது அவர் வந்தடைந்த முடிவு.

அவர் கொடுத்த பகுப்பாய்வு ஐரோப்பிய இரசாயனவியலாரின் கைக்குப் போயிற்று. வெடியுப்பு எப்படிப் பிறக்கிறது என்ற நீண்ட வாக்குவாதத்தில் இலங்கைக் குகையும் ஒரு சான்றாக இழுக்கப்பட்டது. வழக்குத் தீர்ந்தது 1877இல். ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், மண்ணில் நைத்திரேட்டு உண்டாவது நுண்ணுயிர்களின் வேலை என்று காட்டினார்கள். 1890ஐ ஒட்டி, சூரிச்சில் இருந்த ரஷ்யரான வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். இப்போது குகைக்குத் திரும்பிப் பார்த்தால், எச்சத்தைப் பொடியோடு கலந்த கிராமத்தவர் காரணம் தெரியாமலே சரியான பக்கத்தில் நின்றிருக்கிறார். டேவி தவறான பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தார். அதனால் டேவியின் மதிப்பு குறைந்ததா? குறையவில்லை. அவர் தம் முடிவோடு நின்றுவிடாமல், அந்த முடிவை எதிர்த்து வாதாடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் எழுதி வைத்தார்: என்ன பாறை, எதைக் கலந்தார்கள், எப்படிக் காய்ச்சினார்கள். தவறைத் திருத்தும் வசதியோடு தவறு செய்வது ஒரு நாகரிகம்.

தொடக்கத்தில் நான் சொன்ன விதி இதுதான். இந்தக் கூட்டத்தில் ஒருவர் சேர்வதற்கு நாடும் பட்டமும் துணிச்சலும் போதாது. அடுத்தவர் வந்து கால்வைத்துப் பார்க்கக்கூடிய தடம் ஒன்றை விட்டிருக்க வேண்டும். இந்த விதி வெள்ளைக்காரர் கொண்டுவந்ததும் அல்ல. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில், ஃபோர்ப்ஸுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே அது நடைமுறையில் இருந்தது. காசியப்பனுக்குப் பின் வெறிச்சோடிய கோட்டையைப் பார்க்க வந்தவர்கள், மேலே தெரிந்த பெண்களைப் பற்றிய தம் எண்ணத்தை அந்த வழுவழுப்பான சுவரில் கீறினார்கள். பிக்குகள், படைவீரர்கள், உத்தியோகத்தர்கள், பெண்கள் எனப் பல தரத்தவர். நான் இன்னார், இன்ன ஊர் என்று பலர் பெயரோடு எழுதினார்கள். முன்னே எழுதியவரின் செய்யுளுக்குப் பதில் சொன்னவர்களும், அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. பெரும்பாலானவை சிங்களம், சமஸ்கிருதமும் தமிழும் சிறுபான்மை. மேலே ஏற வழியில்லாத அவர்கள் கீழே நின்றே, ஒருவர் பார்த்ததை மற்றவர் ஒப்பிட்டுப் பேசும் ஓர் இடத்தை நூற்றாண்டுக் கணக்கில் நடத்தினார்கள். இன்று அதே சுவரில் நகத்தால் ஒரு கோடு இழுத்தாலும் குற்றம். 2015இல் தன் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, ஜனாதிபதியின் மன்னிப்பால் வெளியே வந்தார். சுவர் காப்பாற்றப்பட வேண்டியதே. ஆனால் எட்டாம் நூற்றாண்டுக் கிறுக்கலைக் கவிதை என்றும் இன்றைய கிறுக்கலைக் குற்றம் என்றும் பிரிப்பது காலமே தவிர வேறெதுவும் இல்லை என்பதைச் சட்டம் ஒத்துக்கொள்ளும் வரை, அந்தத் தண்டனையின் அளவு எனக்கு அதிகமாகவே படும்.

அந்தச் சுவரைப் படித்தவர் செனரத் பரணவிதான. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான 685 எழுத்துகளை வாசித்து, 1956இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் மூல எழுத்து, வாசிப்பு, பொருள். ஐயம் உள்ளவர் சுவருக்கு முன் நின்று சரிபார்க்கலாம். பின்னால் வந்த பெனில் பிரியங்க அதே சுவரில் மேலும் பலவற்றைப் படித்தபோது, பரணவிதானவின் தொகுதிகள் அவருக்கு முதல் படியாக இருந்தன. கல்தச்சரின் துளை மரேக்கு உதவிய அதே வகை உதவி அது.

என் விதிக்குக் கடினமான சோதனையும் அதே மனிதரிடமிருந்துதான் வருகிறது. வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் பரணவிதான, பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே மிக நுண்ணிய எழுத்தில் வேறொரு சமஸ்கிருதப் பிரதி பொறிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். அதைக் கொண்டு 1966இல் இலங்கையும் மலேசியாவும் பற்றி ஒரு நூல், அவர் இறந்த 1972இல் சிகிரியாவின் கதை பற்றி இன்னொரு நூல். காசியப்பனைப் பற்றி மகாவம்சத்தில் இல்லாத விவரங்கள் பக்கம் பக்கமாக அதில் வந்தன. வேறு கல்வெட்டறிஞர் எவருடைய கண்ணுக்கும் அந்த வரிகள் தென்படவில்லை. 1966ஆம் ஆண்டு நூலை மறுத்து எழுதியவர்களில் சிங்களவரான ஆர். ஏ. எல். எச். குணவர்தனவும் தமிழரான கா. இந்திரபாலாவும் இருந்தார்கள். இனப் பாகுபாட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இந்த வாதத்தைப் பார்க்க முயன்றவர்களுக்கு இது வசதியாக இல்லை. மறுத்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: நீங்கள் பார்த்ததை நாங்கள் எங்கே நின்று பார்ப்பது?

ஒரு பேரறிஞரின் உள்ளுணர்வை மதிக்க வேண்டாமா, மற்றவர்களின் கண் மங்கலாக இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்காக வாதாடியவர்களும் உண்டு. இருந்திருக்கலாம். ஆனால் தொலைநோக்கியில் பெண் உருவங்கள் தெரிகின்றன என்று கீழே நின்றவர்கள் சொன்னபோது, அதை நம்ப மறுத்த ஒருவருக்கு மேலே ஏறிப் பார்க்க ஒரு வழி செய்யக்கூடியதாக இருந்தது, அந்த வழி செய்யப்பட்டது. வரிகளுக்கிடையிலான எழுத்துக்கு அப்படி ஒரு வழியைப் பரணவிதானவும் தரவில்லை, அவர் மறைந்து அரை நூற்றாண்டாகியும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1956இன் பரணவிதான இந்தக் கூட்டத்தின் தலைமகன்களில் ஒருவர். 1972இன் பரணவிதானவை அதற்குள் சேர்க்க என்னால் முடியவில்லை.

பரணவிதானவின் காலத்துக்குப் பின், களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் நிறுவனமும் சுவீடன் ஆய்வாளர்களும் சேர்ந்து சிகிரியா – தம்புள்ளைப் பிரதேசத்தைக் கிராமம் கிராமமாக அளந்தார்கள். 1990இலும் 1994இலும் செனக பண்டாரநாயக்கவும் மட்ஸ் மொக்ரெனும் பிறரும் பதிப்பித்து வெளியிட்ட தொகுதிகளில் அலிகலைப் பாறைக்குடையின் மண்ணடுக்குகள் ஒவ்வொன்றாக வரையப்பட்டுள்ளன. காசியப்பனுக்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பே அங்கே கல்லாயுதம் செய்தவர்களும், அவர்களுக்குப் பின் இரும்போடு வந்தவர்களும் அந்த அடுக்குகளில் இருக்கிறார்கள். அடுத்த பகுதி அந்தக் குழிக்குள் இறங்கும்.

(தொடரும்)